பத்துப் பங்கு

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதரை.
பாசிகாட் அலுவலகத்தில் மின்சாரம் இல்லை.
கைப்பேசி வெளிச்சத்தில் ஓயின் பெர்மே
தில்லிக்குச் சான்றிதழ் எழுதுகிறாள்:
பெற்ற தொகை முழுதும் செலவாயிற்று.

பொய்யில்லை.
நூற்றில் தொண்ணூறு அவர்களுடையது, வந்தது.
பத்து நம்முடையது.
அந்தப் பத்துதான் மூன்று வருடமாக
எந்தப் பெட்டியிலும் இல்லை.

சிறப்பு மாநிலம் என்பதற்குத் தகுதிகள் உண்டு:
மலை, எல்லை, ஆள் குறைவு,
இன்னும் இரண்டு.
தேர்வுக்குப் படித்தவை, மறந்துவிட்டன.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டார்கள்.
யாம்னேயின் குறுக்கே கம்பிகள்
இரு கரையையும் பிடித்திருக்கின்றன.
பலகைகள் மட்டும்
அக்கரைக்கு இருபது அடி முன்பே
முடிந்துவிடுகின்றன.

போன செவ்வாய் தாலுங் தாமுக்
பலகை தீர்ந்த இடத்தில் செருப்பைக் கழற்றி
கழுத்தில் மாட்டிக்கொண்டான்.
முதுகில் இஞ்சி மூட்டை.
மீதியை வெறுங்கம்பியில் கடந்தான்.
கீழே பார்க்கவில்லை, இவள்தான் பார்த்தாள்.

மாநிலப் பங்கு என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.
பிறகு எழுதுகிறாள்: செலுத்தப்பட்டது.
யாரால் என்று படிவம் கேட்கவில்லை.

மின்சாரம் வந்து
மின்விசிறி திடீரென்று சுழல,
பறக்கும் தாள்கள் மேல்
கைக்குக் கிடைத்ததை வைக்கிறாள்:
பாலத்துக்கு வந்து மிஞ்சிய
ஒரு துருப்பிடித்த போல்ட்.