கதைச்சிட்டிருக்கேன்

திருச்சியில் ஏறி ஒரு மணி நேரம்.
ஜன்னலோரம் மகளுக்கு.
காதடைப்புக்குக் கொடுத்த மிட்டாய்
கரைவதற்குள் கடல் முடிந்துவிட்டது.
இவர் ஆறு வயதில் அதே கடலை
ஓர் இரவும் பாதிப் பகலும்
வாந்தியெடுத்துக் கடந்தவர்.

பிரதேச செயலகத்தில் ஒரு படிவம்.
'மீளத் திரும்பியோர்' கட்டத்தில்
என் பெயரையும் எழுதினார்கள்.
இவர் திரும்பினார், சரி.
கொட்டப்பட்டு முகாமில்
விமானம் உரசிக்கொண்டு இறங்கும் தகரக் கூரைக்குக் கீழே
தேயிலைக்காரர்களுக்குப் பிறந்த நான்
எங்கே திரும்பினேன்?
கேட்கவில்லை.
பின்னால் பதினேழு பேர் நின்றார்கள்.
படிவத்தின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது.
அதை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

இளவாலை.
இவருடைய காணியில் மூன்று பனை,
கப்பியில்லாத கிணறு,
வீட்டுத்திட்டத்தில் எழும்பிய இரண்டு அறை.
முதல் கிழமை கடையில் சர்க்கரை கேட்டேன்,
பழுப்பாய் ஒரு பொட்டலம் தந்தார்கள்.
அன்றைய தேநீரைக் கோயிலில் படைத்திருக்கலாம்.
"சீனி எண்டு கேளுங்கோ அம்மா."
சொன்னது சாருகன், எட்டு வயது.
ஒரே மாதத்தில் அவன் இந்த ஊராகிவிட்டான்.

வேலிக்கு மேலால் றெஜினா சொன்னாள்:
"நேற்று மனுசன் என்னை நல்லாப் பேசிப்போட்டான்."
கொடுத்து வைத்தவள் என்றேன்.
எங்க வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தா
வாயே திறக்க மாட்டாருங்க.
அவள் சிரித்ததில் கோழிகள் சிதறின.

இங்கே பேசுவது என்றால் திட்டுவது.
பேசுவதற்குக் கதைப்பது என்று பெயர்.
சந்தையில் கதைக்கிறார்கள்.
பூசை முடிந்து வாசலில் நின்று கதைக்கிறார்கள்.
விடிய விடியக் கனடாவோடு கதைக்கிறார்கள்.
எங்கள் பக்கம் ஒருத்தி கதை விடுகிறாள் என்றால்
பொய் சொல்கிறாள்.
அப்படியானால் ராத்திரியில் நான் செய்வதற்கு
இந்த ஊரில் என்ன சொல்?

செய்வது இதுதான்.
இவர் முதுகில் சீமெந்துத் தூளோடு உறங்கிய பிறகு
குசினியில் தையல் மெஷினை மடித்துவிட்டு
அந்தப் பலகையில் எண்பது பக்கக் கொப்பி.
அதற்குள் பவளரேகா என்று ஒருத்தி.
கூரைக்கு மேல் இறங்கும் விமானங்களை எண்ணுகிறாள்.
மூன்று மாதமாக எண்ணுகிறாள்.
அவளை ஒன்றில் ஏற்றிவிட என்னால் முடியவில்லை.

ஒரு நாள் திறந்தால்
என் நீல எழுத்தின் தலையில் பென்சில் எழுத்து.
நாற்காலிக்கு மேல் கதிரை.
சீக்கிரத்துக்கு மேல் கெதி.
'அழகா இருந்தா'வைக் கோடிழுத்து அடித்து
'வடிவா இருந்தாள்.'
சைக்கிளை மிதித்தவளை உழக்க வைத்திருந்தது.

மகள் மதுரிகாவின் கையெழுத்து.
அவளைப் பேசினேன்,
இந்த ஊர் அர்த்தத்தில்.

அவள் அழவில்லை.
"நான் வகுப்பில வாயைத் திறந்தா
இந்தியாக்காரி எண்டு சிரிக்கினம்.
உங்கட பெட்டையையும் சிரிப்பினம்.
அதுதான் திருத்தினனான்."

இவரிடம் இருந்த கதிரையையும் கெதியையும்
திருச்சிப் பள்ளிக்கூடம்
சிரித்தே பிடுங்கிக்கொண்டதாக
ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.
எந்த வகுப்பில் என்று நான் கேட்டதில்லை.

அழிறப்பரை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

பென்சில் படாத ஒரு வரி இருக்கிறது:
'வீட்டுக்குப் போறியான்னு கேட்டாங்க,
தலையாட்டினா.'
அதன் ஓரத்தில் மட்டும்
ஒரு சின்னப் புள்ளி.
பென்சிலை ஊன்றி, யோசித்து,
எடுத்திருக்கிறாள்.

நேற்று தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர்
என்ன செய்யிற என்றார்.
"கதைச்சிட்டிருக்கேன்."
பாதி இந்த ஊர், பாதி அந்த ஊர்.
வாயில் தானாக வந்தது.

யாரோடு என்று
குசினியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.
பிறகு கரண்ட் பில்லைப் பற்றி
ஏதோ முணுமுணுத்தபடி
போய்ப் படுத்தார்.
லைட்டை அணைக்கவில்லை.