விலைக்குப் போன தூக்கம்

இரவு ஒன்பது நாற்பது. பெரம்பூர் போகிற 29C.
ஜன்னலோரம் ஒருத்தி வாய் திறந்து தூங்கினாள்.
லஸ் முனைத் துணிக்கடையின் அரக்குச் சேலை.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த பாதங்கள்.
ஜெமினி மேம்பாலத்து வெளிச்சம்
அவள் கழுத்தில் ஏறி இறங்கியது.
எடுத்தேன்.
'நாளெல்லாம் விரித்துக் காட்டியவள்
இப்போதுதான் மடிந்திருக்கிறாள்' என்று
கீழே இரண்டு வரி.

அந்தச் செயலியில் ஒவ்வொரு பதிவும் ஒரு டோக்கன்.
லைக் கிடையாது, பிடித்தால் வாங்குவார்கள்.
வாங்க வாங்க விலை ஏறும்.
எனக்குத் தெரிந்த டோக்கன் ரேஷன் கடையில் தருவது,
நின்றால் பையில் ஏதாவது விழும்.

மழைக்கு ஏடிஎம்மில் ஒதுங்கிய மாட்டை
மூன்று பேர் வாங்கினார்கள். ஒருவன் நான்.
இவள் தூக்கத்தை
விடிவதற்குள் முந்நூறு பேர்.

மருந்துக்கடை ஹேமநாத்
சீட்டெடுத்த பணம் பதினெட்டாயிரத்தைப் போட்டார்.
'நம்ம ஏரியா பையன்' என்று நாலு பேரையும் இழுத்துவிட்டார்.
வியாழக்கிழமை ஏதோ பெரிய கை
மொத்தமாக விற்றுவிட்டுக் கிளம்பியது.
பெயரில்லை, முகமில்லை,
பூஜ்யத்தில் தொடங்கும் நீளமான ஓர் எண்.
வெள்ளிக்கிழமை பதினெட்டாயிரம்
அறுநூற்றுச் சொச்சம்.
இப்போதும் மாத்திரை தருகிறார்.
மீதிச் சில்லறையை மட்டும்
என் கையில் வைப்பதில்லை,
கண்ணாடி மேல் வைக்கிறார்.

எனக்கு வந்ததா? வந்தது.
கைமாறும்போதெல்லாம் இரண்டு சதவீதம்.
லாபத்துக்கு வரி உண்டு,
நஷ்டத்தைக் கழிக்க முடியாது என்றார் ஆடிட்டர்,
காபியை ஆற்றிக்கொண்டே.
மிச்சத்தில் கரண்ட் பில் கட்டினேன்.
ஒரு சட்டை எடுத்தேன், லஸ் முனையில் அல்ல.
அப்புறம் பேருந்தில் யார் ஏறினாலும்
எவ்வளவுக்குப் போவார் என்றே
கண் கேட்டது.

படத்தைப் பெரிதாக்கினால்
சேலையில் குத்திய அட்டையில் பெயர் தெரியும்.
நான் பெரிதாக்கவில்லை.
வாங்கியவர்கள் பெரிதாக்கினார்கள்.

குணசுந்தரி அதே வண்டியில் என்னைப் பிடித்தாள்.
"சூப்பர்வைசர் காட்டுனாரு சார்.
யூனிஃபார்ம்ல இப்படித்தான் தூங்குவியான்னு
எல்லார் முன்னாடியும் கேட்டாரு.
அழிச்சிடுங்க."
சார் என்றாள். என்னைவிட நாலு வயதாவது மூத்தவள்.

அவள் பார்க்கவே அழித்தேன்.
என் பக்கத்திலிருந்து போயிற்று.
முந்நூறு பேர் பையில் இருப்பதற்கு
என் விரல் எட்டாது.
"அது இப்போ என்னுது இல்லீங்க" என்றேன்.

"என்னிக்கு உங்களுதா இருந்துச்சு?"

ஓட்டேரியில் இறங்கிப் போனாள்.

போட்டவனே அழித்துவிட்டான், இனி கிடைக்காது என்று
அன்றிரவே எவனோ எழுத
விலை திரும்ப ஏறியது.
என் கணக்கில் காசு விழும் மணி
பெரம்பூர் வருவதற்குள்
மூன்று தடவை அடித்தது.
சத்தத்தைக் குறைத்தேன்.
அணைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதும் அவள் ஒன்பது நாற்பதில் ஏறுகிறாள்.
பதினோரு மணி நேரம் நின்ற கால்கள்.
ஜன்னலோரம் காலியாகத்தான் இருக்கிறது.
கம்பியைப் பிடித்து
ஓட்டேரி வரைக்கும் நின்றே வருகிறாள்,
கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு.