இடது இறக்கையில் ஏதோ உருளுகிறது

சுங்கத்தில் மூன்று மணித்தியாலம்.
பெட்டியின் நீளம், பாரம், பெறுமதி, வந்த கப்பல்
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
பொழுதுபோக்கு என்று எழுதினேன்.
அதிகாரி என் பெயரைப் பார்த்தார்,
பொழுதுபோக்கைப் பார்த்தார்,
மறுபடி பெயரைப் பார்த்தார்.
தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டு உள்ளே போனவர்
இன்னும் இரண்டு பேரோடு வந்தார்.
தேத்தண்ணி வரவில்லை.

பல்லுக் கட்டுகிறவள் நான்.
கொட்டாஞ்சேனையில் சின்ன லாப்.
அரை மில்லிமீற்றர் பிழைத்தால்
ஒரு மனுசர் முறுக்குத் தின்னமாட்டார்.
இங்கே பிழைத்தால் என்ன
என்று கையேட்டில் இல்லை.
விளிம்பிலிருந்து ரிவெட்டின் விட்டத்தைப்போல்
இரண்டு மடங்கு தள்ளித் துளையிடுக,
அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில்
கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
கார் விற்றபின் வெறுமையான கராஜ்.
இறக்கை அதற்குள் அடங்கவில்லை;
சுவரை உடைத்து
நுனியைக் குசினிக்குள் விட்டேன்.
சில நாள் அதற்கு மேல்
தேசிக்காய் வைத்து வெட்டியிருக்கிறேன்,
யாருக்கும் சொல்லவேண்டாம்.
உப்புக் காற்று பொல்லாதது.
துளைத்த அன்றைக்கே பச்சை பிறைமர் அடிக்காவிட்டால்
விடியத் தகடு வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.

ஏழாவது விலாவைப் பிழையாகத் துளைத்தேன்.
புதியதற்கு எழுதிய கிழமைதான்
நாட்டில் டொலர் முடிந்தது.
காஸ் இல்லை, பால்மா இல்லை.
பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை.
அந்த வரிசையில் நின்றுகொண்டு
எனக்கு ஒரு விலா வேணும்
என்று யாருக்குச் சொல்ல?
ஒன்பது மாதம்
பழுதான விலா ஆணியில் தொங்கியது.

ரிவெட் அடிக்க நாலு கை வேண்டும்:
வெளியே துப்பாக்கி,
உள்ளே இரும்புக் கட்டி பிடிக்க ஒருவர்.
காற்றில் ஓடும் கருவிதான்,
என்றாலும் துப்பாக்கி என்றுதான் அதற்குப் பெயர்.
ஒழுங்கையின் யன்னல்களுக்கு
அது எப்படிக் கேட்டிருக்கும் என்று
பிந்தித்தான் யோசித்தேன்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் தில்ருக்ஷி
இரவு ஒன்பதுக்குச் சண்டைக்கு வந்தாள்.
கதவிலேயே நின்றாள்.
'மே மொகக்த?'
பதில் சொல்லாமல் கட்டியைக் கையில் கொடுத்தேன்.
மெலிந்த கை அவளுக்கு,
தோள் வரை இறக்கைக்குள் போகும்.

மூன்றாம் கிழமை
கடைசித் தகட்டின் நடுவில்
கையை உள்ளே விட்டபடியே கேட்டாள்:
'அந்த ராத்திரி,
கரண்ட் எல்லாம் நிப்பாட்டி
வானத்துக்குச் சுட்டாங்களே,
நீங்க எங்க இருந்தீங்க?'
கட்டிலுக்குக் கீழே, செருப்போடு.
'நான் தண்ணித் தாங்கிக்குப் பின்னால.'
அன்றைக்கு வந்ததும்
இவ்வளவு சின்னதுதான் என்று
அவள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
கொம்பிரசர் மட்டும் மூச்சு விட்டது.

அடுத்த அடி சாய்ந்தது.
பிழைத்த ரிவெட்டைத் துளைத்து எடுக்கும்போது
அதன் வால் உள்ளே விழுந்தது.
பிறகு எடுப்போம் என்றேன்.
எடுத்தோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று காலை
இரத்மலானைக்கு ஏற்ற லொறி வந்தது.
நாலு பேர் தூக்கிச் சரித்தோம்.
உள்ளே
நுனியிலிருந்து அடிவரை
நிதானமாய் ஏதோ உருண்டது.
'சின்னத் துண்டுதானே அக்கா, விடுங்க'
என்றார் லொறிக்கார நஸ்மி.
தில்ருக்ஷி என்னைப் பார்த்தாள்.

அலுமினியம். காந்தத்துக்கு அகப்படாது.
கம்பிகள் ஓடும் வழியில் போய் நின்றால்
எந்த உயரத்தில் தெரியவரும்
என்று சொல்லமுடியாது.
எடுப்பதென்றால்
முப்பத்தெட்டு ரிவெட் துளைத்து
தகட்டைத் திறக்கவேண்டும்.

நஸ்மிக்குக் காசு கொடுத்து அனுப்பியாயிற்று.
அவள் வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு
சின்ன டிரில் முனையைத் தேடுகிறாள்.
நான் இறக்கையை
மறுபடி மெல்லச் சரிக்கிறேன்,
எங்கே போய் நிற்கிறது என்று
காது வைத்து.