மஞ்சள்

காலையில் அவள் இருந்தெழும்பின இடம்
கொன்றைப்பூ நிறம்.
மனிசி எட்டிப் பார்த்து, "நல்லாப் போகுது" எண்டு சிரிக்கிறாள்.
பிள்ளையின் மூத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிற வீடு
மாங்குளத்தில் எங்கட வீடு மட்டும்தான்.

டொக்டர் கடதாசியில் வட்டம் ஒண்டு கீறினார்.
இது கலம், இது கதவு.
கதவைச் செய்யிற குறிப்பில் ஓரெழுத்துப் பிழை.
பாலிலும் முருங்கையிலையிலும் இருக்கிற விட்டமின்
வாசல்வரைக்கும் வருது.
உள்ளுக்குப் போகேல்லை.

அதுக்கு மேல எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.
ஓமந்தையில் பதினொரு நாள்
மாமூட்டை லொறியோட நிண்டவன் நான்.
கெங்காதரன், அட்டையில் கங்காதரன்.
ஒரு கொம்பு குறைஞ்சதுக்கு
மா புழுக்கும்வரை மறிச்சு வைச்சவங்கள்.

"அள்ளிக் குடுப்பம்" எண்டார்.
"நெரிசல் கூடினால் கொஞ்சமெண்டாலும்
வேற வழியால் புகுந்திடும்.
மிச்சம் வெளியால போகட்டும்."
இதுவும் தெரிஞ்ச கணக்குத்தான்.
காட்டுப்பாதையால் வெளிக்கிட்ட எல்லாருமோ
வந்து சேர்ந்தவை?

நிலாயினி இப்ப கரண்டியைத் தானே பிடிக்கிறாள்.
தொங்கின கழுத்து நிமிர்ந்திட்டுது.
காதுதான் திரும்பேல்லை.
ரயில் வாற நேரம்
இரும்புப் படலையில் உள்ளங்கையை வைச்சு
அது போய் முடியுமட்டும் நிக்கிறாள்.

ரெண்டு பக்கத்தாலும் வந்தால்தானாம் இந்த வருத்தம்.
நான் மாமன் மகளைக் கட்டினவன்.
ஆரிலும் குற்றமில்லை எண்டு
அவர் ரெண்டுதரம் சொன்னார்.
அந்த நேரம் எங்களுக்கும் காது கேக்கேல்லை.

பேந்து, பேனையைத் திறந்தபடி,
"இதுக்கு முதல் பிள்ளையள்?"

செட்டிகுளத்தில், தறப்பாளுக்குக் கீழ,
ஒண்டரை வயசு.
விழுங்கத் தெரியாமல் போச்சு.
அழுகைச் சத்தம் ஒவ்வொரு நாளும் மெலிஞ்சு,
பிறகு மூச்சு.
பசியெண்டு நினைச்சம்.
பால்மா வரிசையில் நான் பிந்திப்போன நாளை
இண்டைவரைக்கும் நினைவில வைச்சிருக்கிறன்.
இத்தனை வருசம்
ஆரைத் திட்டவேணுமெண்டு எனக்குத் தெரியும்.
இப்ப அதில பாதியைக் குறைக்கச் சொல்லுதோ
இந்தக் கடதாசி?

குறைக்கமாட்டன்.
வெளிவாசலும் உள்வாசலும்
ஒரே கிழமையில் பூட்டிக் கிடந்திருக்கு.
எது முதல் பூட்டினது எண்டு
எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

மனிசி அதைப்பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லை.
வீட்டுக்கு வந்து, ரங்குப்பெட்டியைத் திறந்து,
அவன்ர காற்சட்டையை ஒருக்கால் விரிச்சு
திரும்ப மடிச்சு வைச்சாள்.

குளிசை பொடிக்கிற பெருவிரலில்
மஞ்சள் ஏறிக் கிடக்கு.
ஸ்டியரிங்கிலும் ஒட்டியிருக்கு, காசிலும்.
மத்தியானக் குளிசைக்கு நேரமாச்சு.
அவளைக் கூப்பிடேலாது.
எழும்பிப் போய்த் தோளைத் தொடவேணும்.