இருபத்தாறு முறை

பீல் நகரத்தில், ரயில் பாதைக்குப் பின்புறம்,
ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
என் வேலை, கீழே போடுவது.

வதிவிட அனுமதிப் படிவத்தில்
இதை எப்படி எழுதுவதென்று யோசித்து
'சோதனைப் பொறியாளர்' என்று நிரப்பினேன்.

இரண்டு மீட்டர் உயரத்தில் மின்காந்தம்.
அதன் பிடியில் உள்ளங்கை அளவு லேசர் அளவுமானி.
கீழே காங்கிரீட், அதன்மேல் இரும்புத் தகடு.
பொத்தானை அமுக்கினால்
முக்கால் நொடிகூட ஆகாது.

ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை.
ஒவ்வொன்றும் ஒருமுறை தரையில் மோதவேண்டும்.
தரநிலை ஏட்டில் இது ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கிறது.
எனக்கோ முதல் நாளே
ஆறு முகம், பன்னிரு கை என்று
மனதில் ஏறிவிட்டது.
எட்டு மூலைக்கு ஒன்றும் பொருந்தாமல்
திக்குகள் என்று வைத்துக்கொண்டேன்.
ரெகுலாவிடம் சொன்னதில்லை.
சாமியை யாராவது இருபத்தாறு தடவை தள்ளிவிடுவார்களா?

நொடியைப் பத்தாயிரமாக நறுக்கும் காமிராவில்
கெட்டி என்று நம்பிய உறை
பிசைந்த மாவாய் அமுங்குகிறது,
வயிறு பிதுங்குகிறது,
பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது
எதுவும் நடக்காதது போல.

அந்த 'எதுவும் நடக்காதது போல'தான் எங்கள் தொல்லை.

நவம்பரில் ஒரு பொதி வந்தது.
அனுப்பியவர் சும்ப்ரூன், மாடிப்படி செய்யும் தச்சர்,
லாங்கென்தால்.
உள்ளே கீறல்கூட இல்லாத எங்கள் கருவி,
பென்சிலில் எழுதிய துண்டுத்தாள்:

"சாரத்திலிருந்து விழுந்தது.
ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரிடமும் காட்டினேன்.
பிறகு பதினைந்து படி அறுத்தேன், ஓக் மரம்.
ஒவ்வொன்றிலும் நான்கு மில்லிமீட்டர் குறைவு.
பணம் வேண்டாம்.
இது ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

ரெகுலா அதைப் பலகையில் காந்தம் வைத்து மாட்டினாள்.
காப்பிக்குப் போகிறவர்கள் நின்று படித்தார்கள்.
விற்பனைப் பிரிவு பெயாட் மட்டும்
"ஆனால் உடையவில்லையே" என்றான்.

திறந்து பார்த்தேன்.
லென்ஸைப் பிடித்திருந்த பசை
மயிரிழையில் பாதி நகர்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
கண் சற்றுச் சாய்ந்த பிறகும்
அது பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது.
பொய் என்று அதற்குத் தெரியாது.

ரப்பரைத் தடிமனாக்கினோம்.
தவறான அளவு இன்னும் பத்திரமாக இருந்தது.

லென்ஸை நான்கு சிலிக்கோன் கால்களில் மிதக்கவிட்டோம்.
இருபத்தைந்து வரை தாங்கியது.
கடைசி மூலையில் சறுக்கியது.
அன்று மாலை ரெகுலா ஒரு வார்த்தை சொன்னாள்,
பிரெஞ்சில்; நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில், ஏரிமேல் பனிமூட்டம்,
ரயில் நின்றுகொண்டே இருந்த ஒரு காலையில்
கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தபடி நினைத்தேன்:
விழாமல் இருக்கப்போவதில்லை.
விழுந்தால் முதலில் தன்னையே அளக்கட்டும்.

உறைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தோம்,
லென்ஸிலிருந்து சரியாக நாற்பது மில்லிமீட்டரில்.
அதிர்ச்சி உணர்ந்ததும் கருவி உலகத்தை விட்டுவிட்டு
அந்தப் புள்ளியைப் பார்க்கும்.
நாற்பது நாற்பதாக இருந்தால் பச்சை.
இல்லையென்றால் சிவப்பு,
அதன்பின் யார் கேட்டாலும் வாய் திறக்காது.

"வேலை நடுவில் ஊமையாகுமா?" பெயாட் பதறினான்.
"பெட்டிமேல் என்ன போடுவது?"
"எடையைப் போடு" என்றாள் ரெகுலா.

சும்ப்ரூனுக்கு முதல் ஒன்றை அனுப்பினோம்.
அந்தப் பதினைந்து பலகைகளும்
மகள் வீட்டில் புத்தகத் தட்டுகளாகிவிட்டனவாம்.
கருவியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்றும் போடுகிறேன்.
இருபத்தாறாவது மூலை, இரும்பில் ஒரு சத்தம்,
பிறகு அது தன்னை அளக்கும் மூன்று நொடி.
நாங்கள் இருவரும் மூச்சு விடுவதில்லை.
பெரும்பாலும் பச்சை.
சிவப்பு வந்து, அளந்து பார்த்து,
உண்மையிலேயே நகர்ந்திருந்தால்
ரெகுலா கை தட்டுகிறாள்.

அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்,
எதுவும் உடையவில்லை போலும் என்று.