வடக்கே நதி

பாட்னா சிவில் கோர்ட், மூன்றாம் அறை.
மின்விசிறி ஓடவில்லை.
நூற்று முப்பது வருடத்துப் பத்திரத்தை
நிக்ஹத் ஆரா உரக்கப் படிக்கிறாள்
வலமிருந்து இடமாக,
நாளுக்கு நானூறு ரூபாய்க்கு.

ஊர் அஜீமாபாத்.
எழுதியது முன்ஷி பிஷம்பர் லால்.
கிழக்கே மசூதிச் சுவர்,
தெற்கே ஹக்கீம் வீட்டுப் புளி,
மேற்கே சந்து,
வடக்கே கங்கை.

கங்கை அங்கே இல்லை இப்போது.
தள்ளிப் போய்விட்டது.
விட்டுப்போன மணலில்
யாரோ வெள்ளரி போட்டிருக்கிறார்கள்.

முத்திரைக்குக் கீழே, ஓரத்தில்,
அதே கை, வேறு மை:
"நதியை எல்லையென்று எழுதிவிட்டேன்.
படிக்கத் தெரியாது அதற்கு."

இதுவும் எல்லையா, என்றார் நீதிபதி.
ஷேர், ஐயா.
பங்கு இல்லை, கவிதை.
பாதிதான் இருக்கிறது.

"முகர்ரர்!"
பின்வரிசையில் வாதி ரகுபீர் சகாய்,
தன்னை மறந்து.

ஆட்சேபணையா?

"இல்லை ஐயா,
இன்னொரு தரம் கேட்கிறார்"
என்றார் பிரதிவாதி கஜன்ஃபர் மிர்சா.
பதினெட்டு வருட வழக்கில்
எதிரிக்காக அவர் பேசிய
முதல் வாக்கியம்.

நிக்ஹத் மறுபடி படித்தாள், மெல்ல.
தட்டச்சர் இதை அடிக்கவில்லை.

அடுத்த வாய்தா
நவம்பர் ஒன்பது.