கூட்டுப் பெருங்காயம்

பெருங்காய டப்பாவின் பின்பக்கம்
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
ஜன்னலோரம் நின்று
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தேன்:
கோதுமை மாவு.

அப்படியானால் ரசத்திலும்.

வைரக்கண்ணு கொள்முதல் நிலையத்தில்
சிப்பம் தூக்குகிறவர்.
குறுவை வந்துவிட்டால் ராத்திரியெல்லாம் அங்கேதான்.
நீடாமங்கலத்தில் வேகன் ஏறிப் போன நெல்லில்
அவர் தோள் படாதது எவ்வளவு இருக்கும்?
எட்டு வருஷமாக வயிறு நிற்கவில்லை.
அமீபா என்றார்கள், பித்தம் என்றார்கள்.
பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை,
பெயர் தெரியாத ஒரு கசப்புத் தண்ணீர்.
கையில் கட்டிய வாட்ச்
முழங்கை வரை ஏறி இறங்கியது.

இளைத்த ஆளுக்கு அரிசியில் என்ன சத்து,
கோதுமை கொடு என்றாள் ரோஸ்லின் அக்கா.
சொன்னது அவள். செய்தது நான்.
ரேஷனில் வாங்கி, கல் பொறுக்கி,
மாடியில் காயவைத்து, மில்லில் வரிசை நின்று,
தூக்குவாளியின் சூடு ஆறுமுன் வீடு வந்து
காலையில் கஞ்சி, ராத்திரியில் சப்பாத்தி.
வெண்ணாற்றில் தண்ணீர் வராத வருஷம்கூட
அந்த மாவுக்குக் குறை வைத்ததில்லை.

குடலில் ஓட்டை விழுந்து
தஞ்சாவூரில் வயிற்றைத் திறந்தார்கள்.
பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள்
ஹார்லிக்ஸ் மூன்று பாட்டில், பன், ரஸ்க்.
பயாப்ஸி வரும்வரை
அதையும் பாலில் நனைத்து ஊட்டினேன்.

டாக்டர் ஷமீமா எனக்குப் புரியட்டும் என்று
வயலுக்கு இறங்கி வந்தார்.
"குடலுக்குள்ள நாற்றங்கால் மாதிரி
பொடிப்பொடியா நின்னிருக்கணும்மா.
சத்தை உறிஞ்சறதே அதுதான்.
கோதுமை ஒத்துக்காத உடம்பு. சீலியாக்னு பேரு.
கண்டுபிடிக்காமலே போயி
எல்லாம் பரம்படிச்ச மாதிரி ஆயிட்டுது.
ஆறாத இடத்துல, ரொம்ப அபூர்வமா,
இந்த லிம்போமா."

பரம்படித்தால் அடுத்து நடவு, டாக்டர்.
வாய் வரை வந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.

"நீங்க கொடுத்ததால வந்ததுன்னு நினைக்காதீங்க."
நான் கேட்கவே இல்லை.
கேட்காததற்கு வந்த பதிலை
மடித்து எங்கே வைப்பது?

மூன்றாவது மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது
நொய்க்கஞ்சியை ஒதுக்கிவிட்டு அவரே சொன்னார்:
"ஒன் சப்பாத்தி ஒருநாளும் வெந்ததே இல்லடி.
பாதி, செவலைக்குத்தான் போட்டேன்."
சிரித்தார். முடியில்லாத தலை
தலையணையில் லேசாக ஆடியது.

உண்மையா,
எனக்காகச் சொன்னதா?

பொய்யென்றால் நல்ல பொய்.
உண்மையென்றால்
ராத்திரிக்கு நாலு, அதில் இரண்டு,
எட்டு வருஷத்தில் பாதி.
பஸ்ஸில் வரும்போது அம்மாப்பேட்டை வரை
இந்தக் கணக்குதான்.

மாற்றுத்துணி எடுக்க வந்தவள்
டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு
கொல்லைக்குப் போகிறேன்.
செவலை வாலாட்டி வருகிறது.
குனிந்து, வெளிச்சம் போகுமுன்,
அதன் விலாவைத் தடவிப் பார்க்கிறேன்
எலும்பு தட்டுப்படுகிறதா என்று.